நவம்பரில் மூடாத ஆண்டு

அழகிரிசாமிக்கு ஒரு வருஷம் என்பது பத்தரை மாதம்தான். ஜனவரி முதல் தேதி தொடங்கும், நவம்பர் பாதியில் முடிந்துவிடும். மிச்சமிருக்கும் ஆறு வாரத்தில் நாட்டில் எது நடந்தாலும் அது அடுத்த வருஷத்துப் புத்தகத்துக்கு. பீளமேட்டில் அவர் நடத்திய பயிற்சி மையத்தில் இதற்கு ‘வருசத்த மூடறது’ என்று பெயர்.

மூடாமல் முடியாது. அரசுத் தேர்வு எழுதுகிறவர்களுக்காக மையம் ஆண்டுதோறும் ஒரு புத்தகம் போட்டது. அந்த ஆண்டில் நாட்டில் நடந்தது அத்தனையும் தேதிவாரியாக அதில் இருக்கும். அட்டை மஞ்சள் நிறம் என்பதால் படிக்கிறவர்கள் அதை மஞ்சப் புக்கு என்றார்கள். டிசம்பர் முதல் தேதி அது கடையில் இருந்தாக வேண்டும். காந்திபுரத்தில் இதே தொழில் செய்யும் இன்னொருவர் காத்துக்கொண்டிருந்தார்.

“அந்தாளு போன வருசம் நம்ம புக்க அப்படியே எடுத்து, நம்ம தப்போட சேத்தி அடிச்சு வித்துப்போட்டான். ஆனமலைக்குப் போயி மாசாணியம்மனுக்கு மொளகா அரைச்சுப் பூசிட்டு வந்தாத்தான் அவனுக்குப் புத்தி வரும்” என்று அழகிரிசாமி அடிக்கடி சொல்வார். ஒரு முறையும் போனதில்லை.

இரண்டாயிரத்து இருபத்து மூன்றாம் ஆண்டின் புத்தகத்தை அவர் புவனாவிடம் கொடுத்தார். புவனா இயற்பியல் படித்தவள். இரண்டு வருஷமாகப் பின்னறையில் உட்கார்ந்து மாதிரித் தேர்வுகளுக்கு விடைத்தாள் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். வகுப்பு எடுக்கச் சொன்னால் இன்னொரு கட்டு விடைத்தாளைக் கேட்டு வாங்கிக்கொள்வாள். மையத்தில் அரசியலமைப்புப் பாடம் எடுத்த ரூபினா அவளைப் பற்றிப் புதிதாக வருகிற எல்லோரிடமும் ஒன்றைச் சொல்வாள்: “இவகிட்ட ஒரு வார்த்த வாங்கோணும்னா தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல மனு போடோணும். முப்பது நாள்ல பதில் வரும்.”

“இந்தப் புக்கு உன்ற பொறுப்பு அம்மணி” என்றார் அழகிரிசாமி. “நல்லபடியாத் தாட்டிவிட்டீன்னா அடுத்த வருசமும் உனக்குத்தான். சொதப்புனீன்னா மறுக்கா விடைத்தாளு. என்ன சொல்றே?”

புவனா தலையை ஆட்டினாள். அதுதான் அவளுடைய சம்மதம். ஆனால் அந்த வேலையை அவள் எவ்வளவு விரும்பினாள் என்பது அவளுக்குத்தான் தெரியும். பேசாமலே எல்லோரிடமும் பேசக்கூடிய வேலை வேறு எங்கே கிடைக்கும்?

வருஷமும் சும்மா போகவில்லை. ஏப்ரலில் உலகத்திலேயே அதிக மக்கள் வாழும் நாடு இதுதான் என்றார்கள். மே மாதம் இரண்டாயிரம் ரூபாய் நோட்டைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். புது நாடாளுமன்றக் கட்டடம் திறந்தார்கள். ஜூன் இரண்டாம் தேதி ஒடிசாவில் சென்னை ரயில் கவிழ்ந்தது. புவனா அதற்கு எழுதியது மூன்று வரி. இறந்தவர்களின் எண்ணிக்கை மாறிக்கொண்டே இருந்தது. மாறிய ஒவ்வொரு முறையும் அவள் பழையதை அழித்துப் புதியதை எழுதினாள். செப்டம்பரில் மகளிர் இட ஒதுக்கீட்டு மசோதா நிறைவேறியது. அக்டோபரில் ஆசிய விளையாட்டில் நூற்றேழு பதக்கம்.

நடுவில் நிலவுக்குப் போன விண்கலம். ஆகஸ்ட் இருபத்து மூன்றாம் தேதி காலையிலேயே அழகிரிசாமி, “எறங்கிருச்சுன்னு அடிச்சு வெச்சுக்க கண்ணு, பொழுதோட அவசரமாயிரும்” என்றார். புவனா அடிக்கவில்லை. சாயங்காலம் ஆறு மணி நான்கு நிமிஷம் வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்திருந்தாள். இறங்கியதும் எழுதினாள். அழகிரிசாமிக்கு அது பிடித்திருந்தது. “இந்தப் புள்ள நடந்தாத்தான் எழுதும்” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

அப்படிப்பட்டவள்தான் நவம்பரில் வழுக்கி விழுந்தாள்.

புத்தகத்தைக் கணபதியில் வெள்ளியங்கிரியின் அச்சகத்தில் அடித்தார்கள். பதினாறு பதினாறு பக்கமாகத்தான் அடிப்பார்கள். ஒவ்வொரு பதினாறு பக்கமும் ஒரு பாரம். விளையாட்டுப் பகுதி ஏழாவது பாரம். அதற்கு வெள்ளியங்கிரி கொடுத்த நாள் நவம்பர் பதினெட்டு, சனிக்கிழமை. உலகக் கோப்பை கிரிக்கெட் இறுதி ஆட்டம் பத்தொன்பது, ஞாயிற்றுக்கிழமை.

“எடம் காலியா உடலாமா, இல்ல இந்தியான்னு போட்டறலாமா?” என்று அழகிரிசாமி கேட்டார். சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டார். அவள் வழக்கம்போல் தலையசைத்து மறுப்பாள் என்று எதிர்பார்த்தார்.

பத்து ஆட்டம், பத்து வெற்றி. அரையிறுதியைப் புவனா வீட்டில் எல்லோரோடும் உட்கார்ந்து பார்த்திருந்தாள். ஆய்வுக்கூடத்தில் பத்து முறை ஒரே அளவு வந்தால் பதினோராவது முறை யாரும் கருவியை எடுப்பதில்லை.

“போடுங்க சார்” என்றாள்.

ரூபினா பேனாவைக் கீழே வைத்தாள். “பேசிட்டா! சார், தேதி குறிச்சு வெச்சுக்கங்க. இதையும் புக்குல போடோணும்.”

திங்கட்கிழமை காலை. ஆஸ்திரேலியா ஆறு விக்கெட்டில் ஜெயித்திருந்தது. அழகிரிசாமி அச்சகத்திலிருந்து வந்த ஒரு தாளை மேசைமேல் விரித்து வைத்திருந்தார். மூன்றாவது முறையாகக் கோப்பையை வென்றது இந்தியா என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதே தாள் இன்னும் மூவாயிரம் கணபதியில் அடுக்கி இருந்தது.

“ஏனுங்க அம்மணி, இந்த மேட்ச எந்தச் சேனல்ல போட்டான்? நானும் நேத்து அத்தனையையும் மாத்தி மாத்திப் பாத்தேன், எனக்குத் தட்டுப்படவே இல்லியே!”

புவனா மேசையைப் பார்த்து ஏதோ சொன்னாள்.

“மேசைக்கு எதுக்குச் சொல்றே? உடு. அடிச்சது அடிச்சாச்சு. மறுக்கா அடிப்பம்.” அவர் தம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அச்சகத்துக்குப் போன் பேசினார். என்ன பேசினார் என்று அவளுக்குக் கேட்கவில்லை.

ஆறாவது பாரம்தான் பாக்கி. தேசிய நிகழ்வுகள், அக்டோபரும் நவம்பரும். அதில் எல்லாம் தயார், ஒரு பதிவைத் தவிர.

தீபாவளியன்று விடிகாலை உத்தராகண்டில் மலையைக் குடைந்துகொண்டிருந்த ஒரு சுரங்கப்பாதை சரிந்தது. உள்ளே வேலையாட்கள். முதலில் நாற்பது பேர் என்றார்கள். ஐந்தாறு நாள் கழித்து, இல்லை, நாற்பத்தொன்று என்றார்கள். அந்தச் செய்தியைப் புவனா இரண்டு முறை படித்தாள். ஐந்தாறு நாள் ஒரு மனிதன் எண்ணிக்கையிலேயே சேராமல் உள்ளே இருந்திருக்கிறான். நாடு முழுக்க நாற்பது பேருக்காக வேண்டிக்கொண்டிருந்தபோது அவனும் அதே இருட்டில், குழாய் வழியாக உள்ளே அனுப்பிய அதே பொரியைத் தின்றிருக்கிறான். புவனா தன் கோப்பில் நாற்பதை அழித்து நாற்பத்தொன்று என்று எழுதினாள். அதற்கு மேல் அந்தப் பதிவில் ஒரு எழுத்தும் சேர்க்கவில்லை.

நவம்பர் இருபத்தைந்து, சனிக்கிழமை. காலையில் வந்த செய்தி நன்றாக இல்லை. இடிபாட்டைத் துளைத்துக்கொண்டு போன இயந்திரம் உள்ளேயே உடைந்துபோனது. அதை வெட்டி வெட்டித்தான் வெளியே எடுக்க வேண்டும். கிறிஸ்துமஸுக்குள் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள் என்று ஒரு நிபுணர் நம்பிக்கையாகச் சொன்னார்.

“கிறிஸ்துமஸா?” அழகிரிசாமி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். “காந்திபுரத்தான் திங்கக்கெழமையே புக்கு போடறானாம். வெள்ளியங்கிரி இன்னிக்குப் பொழுதுக்குள்ள பாரத்தக் குடுங்கறான். நாளையிலிருந்து காலண்டர் வேல ஏறிருதாம். அது ஏறுச்சுன்னா பதனஞ்சு நாளைக்கு மெஷினு நம்மளத் திரும்பிப் பாக்காது. மீட்புப் பணி நடந்துக்கிட்டு இருக்குதுன்னு போட்டு முடி அம்மணி.”

புவனா எழுதவில்லை.

“சரி, அது வேண்டாமா? மீட்கப்பட்டனர்னு போடு. எப்படியும் வெளிய வந்துருவாங்க. நம்ம திருச்செங்கோட்டு போர்வெல் ஆளுகளே போயிருக்காங்கன்னு பேப்பர்ல போட்டிருக்குது. கொங்கு ரிக்கு எறங்கியும் மல ஓட்டையாகலீன்னா அப்பறம் என்ன?”

“வேண்டாங்க சார்.”

“ஏன்?”

“இன்னும் வரலீங்க.”

“கப்பு மட்டும் வந்திருந்துச்சா?” என்று கேட்டுவிட்டார். கேட்டபிறகு அவருக்கே கஷ்டமாக இருந்தது போலிருக்கிறது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

புவனாவின் காது சிவந்தது. ஆனால் இந்த முறை அவள் மேசையைப் பார்க்கவில்லை. “அதனாலதாங்க சார் சொல்றேன். கப்பு தப்பாப் போட்டது நானு. பேப்பர் போச்சு, மறுக்கா அடிச்சுக்கிட்டோம். இதுல மனுசங்க இருக்காங்க. ஜூன் மாசப் பரீச்ச வரைக்கும் மூவாயிரம் பேரு இந்தப் பக்கத்தப் படிப்பாங்க. நடந்துக்கிட்டு இருக்குதுன்னு போட்டா, நம்ம புக்குல அவங்க வெளிய வரவே மாட்டாங்க. வந்துட்டாங்கன்னு இப்பவே போட்டா, அது நம்ம சொன்ன பொய்யி. மத்த பாரத்த எல்லாம் மடிச்சுத் தெச்சு வெக்கச் சொல்லுங்க. இது ஒண்ணு மட்டும் நிக்கட்டும்.”

இவ்வளவு நீளமாக அவள் பேசி யாரும் கேட்டதில்லை. ரூபினா வாயில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“நிக்கட்டும்னு நீ சொல்லுவே. வெள்ளியங்கிரிக்கு யாரு சொல்றது? நானு இனி அந்த மனுசங்கிட்டப் பேச முடியாது. போன வாரம் பேசுனதே போதும்.”

“நானு போயிட்டு வாரேங்க சார்.”

“நீயா?”

ரூபினா கைப்பையைத் தேடி எடுத்து அவள் தோளில் மாட்டிவிட்டாள். “போடி, போ. மனசு மாறறதுக்குள்ள பஸ் ஏறிரு.”

கணபதி அச்சகத்தில் மை வாடை தெருவரைக்கும் வந்தது. உள்ளே தாள்கள் ஆள் உயரத்துக்கு அடுக்கி இருந்தன. வெள்ளியங்கிரி மூக்கு நுனியில் கண்ணாடி வைத்து, தினசரி காலண்டரின் ஒரு தாளில் ராகு காலம் சரிபார்த்துக்கொண்டிருந்தார். புவனாவின் குரலை அவர் போனில்கூடக் கேட்டதில்லை.

“அழகிரி சென்டருங்க. ஆறாவது பாரம் விசயமா வந்தேனுங்க.”

“வாங்க வாங்க, உக்காருங்க. கொண்டாந்துட்டீங்களா?”

“இல்லீங்க. இன்னும் நாலஞ்சு நாளு வேணுங்க.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “உங்க சாருக்கு என்னாச்சு? போன வாரம் ஆடாத மேட்ச்ச ஜெயிச்சுப்போட்டாரு. இந்த வாரம் பாரத்தையே காணோங்கறாரு. நானு இந்தக் கதைய நம்ம பேக்கரில சொல்லிச் சொல்லி, அவிய இப்ப எனக்கு டீ சும்மாவே குடுக்கறாங்க.”

“சாரா சொன்னாருங்க, அவரு போட்டதுன்னு?”

“பின்னே? ‘வெள்ளியங்கிரி, நானு ஒரு கிறுக்கன், புள்ளைக வேண்டாம் வேண்டாம்னு சொல்லியும் கேக்காம இந்தியான்னு போட்டுட்டேன், மறுக்கா அடிச்சுக் குடு’ன்னாரு. போன்ல அழுகாத கொற.”

பேசாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. அவளுக்கு அதுதான் பழக்கம்.

“அதுங்க, அவரு இல்லீங்க” என்றாள். “நானுங்க. நான்தான் போடச் சொன்னேன். அவரு கேட்டாரு, நானு யோசிக்காம போடுங்கன்னுட்டேன். பேக்கரில சொல்லறப்ப இனிமே எம் பேரச் சொல்லுங்க. புவனா.”

வெள்ளியங்கிரி அவளை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார். இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஒரு ஆள் எட்டிப் பார்த்தார். நாற்பது வயது இருக்கும். முழங்கை வரைக்கும் சிவப்பு மை. ஜார்க்கண்டிலிருந்து வந்து பன்னிரண்டு வருஷமாக அந்த இயந்திரத்தை ஓட்டுகிற சுக்ராம்.

“கேட்டியா சுக்ராம்? கப்பு வாங்கிக் குடுத்தது இந்த அம்மணிதானாம்!”

“நான் அப்பவே சொன்னனுங்க, அவசரம் வேண்டாமுன்னு” என்றார் சுக்ராம் புவனாவிடம். “மூவாயிரம் ஓட்டறப்பவும் எனக்குப் பயமுங்க. என்ற கை பட்டுத்தான் தோத்துப்போச்சுன்னு சம்சாரம் சொல்றாளுங்க.”

புவனாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் பயம் பாதி போயிற்று. ஆறாவது பாரம் ஏன் நிற்கிறது என்று சொன்னாள். நாற்பது நாற்பத்தொன்று ஆனதையும் சொன்னாள். சுக்ராம் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“அந்த நாப்பத்தொண்ணுல பதினஞ்சு பேரு எங்க ஸ்டேட்டுங்க” என்றார். “எங்க ஊரு இல்ல. ஆனா எங்க ஸ்டேட்டு.” பிறகு முதலாளி பக்கம் திரும்பினார். “புதன்கிழம காலைல காலண்டருக்குச் செவப்பு மை முடிஞ்சு பச்சைக்கு மாத்தறமுங்க. எப்படியும் மெஷின் கழுவோணும். நடுவுல கருப்பு ஓட்டிக்கலாமுங்க. ஒரு பாரந்தானே.”

“ஒருக்கா சேத்திக் கழுவோணுமில்ல?”

“கழுவறது நானுதானுங்க?”

வெள்ளியங்கிரி காலண்டர் தாளைப் பார்த்தார். புதன்கிழமைக்கு ராகு காலம் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை. “காலைல தோதுதான்” என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். “அம்மணி, கேட்டுக்கங்க. செவ்வாக்கெழம ராத்திரி ஒம்பது மணிக்கு அச்சுக்குப் பிளேட்டுப் போடற ஆளு கெளம்பிருவான். அதுக்குள்ள எனக்கு மேட்டர் வரோணும். அவங்க வெளிய வந்தாலுஞ் சரி, வராட்டியுஞ் சரி, ஒம்பது மணிக்கு என்ன இருக்குதோ அதுதான் அச்சு. அதுக்கு மேல எங்கிட்ட ஒரு நிமிசங் கேக்கக் கூடாது.”

“கேக்க மாட்டேனுங்க.”

செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்கு அழகிரிசாமி மாடிப்படியில் ஓடி வந்தார். “வந்துட்டாங்க! டிவில ஓடுது! அனுப்பு அம்மணி!”

முந்தின நாளிலிருந்து சுரங்கத்துக்குள் கையால் தோண்டினார்கள். எலி வளை தோண்டுவதுபோல, குறுகிய குழாய்க்குள் குப்புறப் படுத்து மண்ணைச் சுரண்டுகிறவர்கள். பெரிய இயந்திரங்கள் தோற்ற இடத்தில் அவர்கள் ஒரே நாளில் பத்து மீட்டர் போயிருந்தார்கள். புவனா தொலைக்காட்சியைப் பார்த்தாள்.

“கொழாய்தாங்க சார் போயிருக்குது. ஆளு வரலீங்க.”

“கொழாய் போனா ஆளு வர எத்தன நேரம்?”

“தெரியாதுங்க சார்.”

கால் மணி நேரத்தில் தொலைக்காட்சியே மாற்றிச் சொன்னது. இன்னும் இரண்டு மீட்டர் பாக்கி. அழகிரிசாமி கீழே இறங்கிப் போனார்.

நான்கு மணி. ஐந்து மணி. காந்திபுரத்து மஞ்சள் புத்தகம், அதுவும் மஞ்சள்தான், நேற்றே கடைக்கு வந்துவிட்டது என்று ஒரு மாணவன் சொன்னான். புவனா கேட்காததுபோல் இருந்தாள். ஒன்பது மணிக்கு எது இருக்கிறதோ அதுதான் அச்சு. அப்படி ஆனால், நடந்துக்கிட்டு இருக்குது என்று அவளே தன் கையால் அனுப்ப வேண்டும்.

ஆறரைக்கு ரூபினாவின் வகுப்பு. அறுபது பேர். ஏழே முக்காலுக்கு ரூபினா அடிப்படை உரிமைகளைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்து கூப்பிட்டாள். “புவனா! கம்ப்யூட்டரத் தூக்கிக்கிட்டு இங்க வா. இவங்க யாரும் பாடத்தக் கேக்கல. எல்லாம் பெஞ்சுக்கடியில போனத்தான் பாக்கறாங்க. ஒட்டுக்காப் பாப்பம்.”

வகுப்பின் பெரிய திரையில் செய்தி போட்டார்கள். புவனா முன்வரிசையின் ஓரத்தில், மடிக்கணினியை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் ஆள் வந்தார். கழுத்தில் மாலை போட்டார்கள். வகுப்பே எழுந்து கத்தியது. அழகிரிசாமி பின் கதவருகில் நின்று, “உக்காருங்கப்பா, மறைக்குது” என்று தாமும் கத்தினார்.

ஐந்து பேர் என்றது செய்தி. பிறகு ஒன்பது. பிறகு பதினெட்டு. எட்டு இருபத்தைந்துக்கு வெள்ளியங்கிரி போன் செய்தார்.

“அம்மணி, நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கறேன். வர ஆரம்பிச்சுட்டாங்கல்ல, அனுப்புங்க. பிளேட்டுக்காரன் செருப்பு மாட்டிட்டு நிக்கறான்.”

“எத்தன பேருங்க வந்திருக்காங்க?”

“முப்பத்தி மூணுங்கறான்.”

“அப்ப இன்னும் எட்டுப் பேரு உள்ள இருக்காங்க. ஒம்பது மணின்னு சொன்னீங்க. நானு ஒம்பது வரைக்கும் இருக்கறேனுங்க.”

“டேய், செருப்பக் கழட்டுடா” என்று அந்தப் பக்கம் யாரிடமோ சொல்லும் குரல் கேட்டது.

முப்பத்தைந்து. முப்பத்தெட்டு. அப்புறம் செய்தியில் விளம்பரம் போட்டார்கள். அறுபது பேரும் ஒரே குரலில் திட்டினார்கள். விளம்பரம் முடிந்து திரும்பியபோது எட்டு நாற்பது தாண்டியிருந்தது. அடியில் ஓடிய வரியில் இருந்தது: நாற்பத்தொரு பேரும் பத்திரமாக வெளியே வந்தனர்.

புவனா தட்டெழுதினாள். ‘நவம்பர் 28: 17 நாட்களுக்குப் பிறகு 41 தொழிலாளர்களும் உயிருடன் மீட்கப்பட்டனர்.’

“அனுப்பு, அனுப்பு” என்றாள் ரூபினா.

புவனா அனுப்பவில்லை. எழுந்து வகுப்பைப் பார்த்துத் திரும்பினாள். “நானு படிக்கறேன். தப்பு இருந்தா சொல்லுங்க” என்று அந்த வரியைச் சத்தமாக வாசித்தாள்.

நான்காவது வரிசையிலிருந்து கௌதமன் கையைத் தூக்கினான். “மிஸ், பதினேழா, பதினாறா? இருவத்தெட்டுலிருந்து பன்னெண்டக் கழிச்சா பதினாறுதானே வருது?”

“நியூஸ்ல எல்லாமே பதினேழுன்னுதான்டா போடறாங்க” என்றாள் செவ்வந்தி.

“நியூஸ்ல மத்தியானம் கூடத்தான் வந்துட்டாங்கன்னு போட்டாங்க.”

புவனா கரும்பலகைக்குப் போனாள். ரூபினா எழுதியிருந்த அடிப்படை உரிமைகளில் பாதியை அழித்தாள். “சரிவு நடந்தது பன்னெண்டாம் தேதி காலைல அஞ்சர மணி” என்று எழுதினாள். கீழே, “வெளிய வந்தது இருவத்தெட்டாம் தேதி, ராத்திரி எட்டே முக்கால்னு வெச்சுக்குவோம். இருவத்தெட்டு காலைல அஞ்சரைக்குப் பதினாறு நாள் முழுசா முடிஞ்சுது. அதுக்கு மேல?”

“பதினஞ்சு மணி நேரம்” என்றார்கள் நாலைந்து பேர்.

“பதினஞ்சே கால். அப்ப பதினேழு நாளைக்குப் பிறகுன்னா தப்பு. பதினேழாவது நாள்ல வந்தாங்கன்னா சரி. கௌதமன் கேட்டதும் சரி, செவ்வந்தி சொன்னதும் சரி. நானு எழுதுனதுதான் தப்பு.”

வகுப்பு சிரித்தது. புவனா மடிக்கணினிக்கு வந்து ‘பதினேழாம் நாளில்’ என்று மாற்றினாள். நாற்பத்தொன்றை ஒரு முறை பார்த்துக்கொண்டாள். எட்டு ஐம்பத்து மூன்றுக்கு அனுப்பினாள். வெள்ளியங்கிரியிடமிருந்து உடனே பதில் வந்தது: ஒரு கும்பிடு போட்ட கை, அவ்வளவுதான்.

“எல்லாஞ் சரி” என்றார் அழகிரிசாமி பின்னாலிருந்து. “காந்திபுரத்தான் நம்மள முந்திப்போட்டானே!”

“முந்துனா முந்தட்டும் சார்” என்றாள் ரூபினா. “அவரு புக்குல அவங்க இன்னும் உள்ளதான் இருக்காங்க.”

அழகிரிசாமி சிரிக்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை. “செரி, அப்ப டிசம்பர் மாசத்த என்ன பண்றது? அதையும் நடந்தாத்தான் எழுதுவியா அம்மணி?”

“ஆமாங்க சார். ஜனவரில எட்டுப் பக்கம் தனியா அடிச்சு, புக்கு வாங்குனவங்களுக்குச் சும்மாவே குடுத்தர்லாங்க.”

“சும்மாவா?” என்றார். அறுபது பேரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். “செரி, செரி, குடுத்தர்லாம்.”

மணி ஒன்பது. வகுப்பு முடிய வேண்டிய நேரம் தாண்டி அரை மணி ஆகியிருந்தது. யாரும் பையை எடுக்கவில்லை. கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

“மிஸ், அந்த மெஷினு ஏன் மிஸ் உடைஞ்சுது? கையில தோண்டுனவங்களால எப்படிப் போக முடிஞ்சுது?”

புவனா ரூபினாவைப் பார்த்தாள். ரூபினா ஏற்கெனவே முன்வரிசையில் மாணவர்களோடு இடம்பிடித்து உட்கார்ந்து கன்னத்தில் கை வைத்திருந்தாள். புவனா பலகையில் மிச்சமிருந்த அடிப்படை உரிமைகளையும் அழித்தாள். சாக்பீஸைப் படுக்கவைத்துப் பிடித்து, இடது மூலையிலிருந்து மலையை வரையத் தொடங்கினாள்.